போக்கரில் சேர்ந்த 4,600 டொலர்: எவ்வளவை ஆட்டத்தில் வைப்பது, எவ்வளவை வெளியே எடுப்பது?

தலவாக்கலைப் பையன் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நான் தலவாக்கலைக்கு அண்மையில் உள்ள ஒரு தோட்டத்தில் வசிக்கிறேன், வயது இருபத்தேழு. நகரில் உள்ள ஒரு கைத்தொலைபேசிக் கடையில் மாதம் 48,000 ரூபா சம்பளத்துக்கு வேலை செய்கிறேன். மூன்று ஆண்டுகளாக இணையத்தில் போக்கர் ஆடி வருகிறேன். ஆறு பேர் அமரும் கேஷ் மேசைகளே, அதாவது போட்டியாக இல்லாமல் நேரடியாகப் பணம் வைத்து ஆடும் மேசைகளே, எனக்குப் பழக்கம். இரவு எட்டு மணி முதல் பதினொரு மணி வரை நான்கு மேசைகளை ஒரே நேரத்தில் திறந்து ஆடுவேன். முதல் ஆண்டு நட்டம், இரண்டாம் ஆண்டு பத்து டொலரோடு அமரும் மேசையில் சிறிது இலாபம், கடந்த ஏழு மாதங்களாக 10, 25 சத பிளைண்ட் (சீட்டுப் பகிருமுன் இருவர் கட்டாயம் வைக்கும் தொகை; பெரியது பிக் பிளைண்ட்) கொண்ட 25 டொலர் மேசை.

இந்த ஏழு மாதங்களில் ஏறத்தாழ 140,000 கைகள் (ஒருமுறை சீட்டுப் பகிர்ந்து ஆடுவது ஒரு கை) ஆடி, ஆட்டத் தளம் பிடித்துக்கொள்ளும் கழிவான ரேக் போக 1,400 டொலர் வென்றிருக்கிறேன். நூறு கைகளுக்கு நான்கு பிக் பிளைண்ட் என்று கணக்கு வருகிறது. ஐந்து மாதங்கள் இலாபம், இரண்டு மாதங்கள் நட்டம். மே மாதத்தில் மட்டும் 210 டொலர் போய்விட்டது. முன்பு சேர்ந்த தொகை, ரேக்கில் தளம் திருப்பித் தரும் பங்கான ரேக்பேக், சென்ற ஆண்டு விளையாட்டாக நுழைந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் கிடைத்த 1,450 டொலர் எல்லாம் சேர்ந்து இன்று தளக் கணக்கில் 4,600 டொலர் இருக்கிறது. இதுவரை ஒரு டொலர்கூட வெளியே எடுத்ததில்லை.

மாதம் சராசரியாக 200 டொலர், அதாவது 60,000 ரூபா, என் சம்பளத்தைவிட அதிகம். ஆகவே கடை வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக ஆடலாமா என்று யோசிக்கிறேன். 50 டொலர் மேசைக்கு ஏறலாமா என்பதும் கேள்வி. வெளியே எடுத்தால் அந்தப் பணத்தைப் பங்குச் சந்தையில் போடுவதா, பாதியில் நிற்கும் வீட்டுக்குக் கூரை போடுவதா, தம்பிக்கு ஓட்டோ ஒன்றுக்கு முற்பணம் கட்டுவதா என்பதிலும் தெளிவில்லை. அம்மா இன்னமும் மலைக்குக் கொழுந்து எடுக்கப் போகிறார். நான் இரவில் கம்பியூட்டர் வேலை செய்வதாகவே அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ஹட்டன் கணக்கன் பதிலளிக்கிறார்:

தம்பி, கைகளின் எண்ணிக்கையோடு கேள்வி கேட்கும் ஆட்டக்காரரைக் காண்பதே அரிது. பெரும்பாலோர் வென்ற நாட்களை மட்டும் நினைவில் வைத்திருப்பார்கள். நான் பன்னிரண்டு ஆண்டுகளாக ஆடுகிறேன். அதில் இரண்டு ஆண்டுகள் முழுநேரமாக ஆடி, பிறகு மீண்டும் ஒரு வேலையில் சேர்ந்தவன். எனவே நீங்கள் கேட்கும் எல்லாவற்றையும் நானும் ஒரு காலத்தில் கேட்டிருக்கிறேன்.

நூறு கைகளுக்கு நான்கு என்ற எண்ணை உங்கள் திறமையின் அளவாக இப்போதே எழுதி வைத்துவிடாதீர்கள். ஆறு பேர் மேசையில் நூறு கைகளுக்கான நியம விலகல், அதாவது முடிவுகள் சராசரியிலிருந்து மேலும் கீழும் குலுங்கும் அளவு, பொதுவாக 80 முதல் 100 பிக் பிளைண்ட் வரை இருக்கும். நடுவே 90 என்று எடுத்துக்கொண்டால், 140,000 கைகளுக்கு அது ஏறத்தாழ 3,370 பிக் பிளைண்ட், உங்கள் மேசையில் 840 டொலர். நீங்கள் வென்றது 1,400. அது அந்த விலகலின் இரு மடங்குக்கும் குறைவு. அப்படியானால் உங்கள் உண்மையான வின்ரேட், அதாவது நூறு கைகளுக்கு வெல்லும் பிக் பிளைண்ட், நான்காக இருக்கலாம், எட்டாக இருக்கலாம், பூச்சியத்துக்கு அருகிலும் இருக்கலாம். இத்தனைக்கும் 140,000 கைகள் என்பது சிறிய தொகை அன்று. ஞாயிற்றுக்கிழமைப் போட்டியின் 1,450 டொலரை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. அது வழியில் கிடந்த பணம்.

மாதக் கணக்குக்கு வருவோம். நீங்கள் மாதம் 20,000 கைகள் ஆடுகிறீர்கள். உண்மையிலேயே நான்கு பிக் பிளைண்ட் வெல்லும் ஆட்டக்காரருக்கும் 20,000 கைகளில் சராசரி 200 டொலர், விலகல் 320 டொலர். நான்கில் ஒரு மாதம் நட்டத்தில் முடிவதே அவருக்கு இயல்பு. ஏழில் இரண்டு மாதங்கள் நட்டம் என்ற உங்கள் அனுபவம் அதற்கு அச்சொட்டாகப் பொருந்துகிறது. இப்படிப்பட்ட வருமானத்தைச் சம்பளத்தின் பக்கத்தில் வைத்து 60,000 பெரிதா 48,000 பெரிதா என்று ஒப்பிடுவது பொருந்தாது. சம்பளம் ஒரு மாதத்தில் உங்களிடமிருந்து 210 டொலரைத் திரும்பக் கேட்பதில்லை. அத்துடன் உங்கள் முதலாளி சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் கட்ட வேண்டும். 48,000 ரூபாவுக்கு அது மாதம் 7,200 ரூபா. வேலையை விடும்போது அதையும் சேர்த்தே விடுகிறீர்கள். வேலையை விட வேண்டாம் என்பதே என் கருத்து.

இனி கைமுதல். பேங்க்ரோல் என்று எல்லோரும் சொல்வதை நான் இப்படித்தான் சொல்வேன், ஏனென்றால் சந்தையில் கடை போடுபவரின் கைமுதலும் இதுவும் ஒன்றே: அதைத் தின்றால் மறுநாள் கடை இல்லை. கைமுதல் முற்றாக அழியும் வாய்ப்பைக் கணக்கிட ஒரு சூத்திரம் இருக்கிறது. வின்ரேட்டையும் கைமுதலையும் பெருக்கி, அதை இரட்டித்து, விலகலின் வர்க்கத்தால் வகுத்து, அந்த எண்ணை மறைக் குறியுடன் இயற்கை மடக்கையின் அடியான ‘ஈ’க்கு அடுக்காகப் போட வேண்டும். வின்ரேட் நான்கு, விலகல் 90 என்றால் விடைகள் இவை: 20 பை-இன்கள் (ஒரு பை-இன் என்பது ஒரு மேசையில் அமரக் கொண்டுபோகும் நூறு பிக் பிளைண்ட்) வைத்திருந்தால் அழியும் வாய்ப்பு 14 வீதம், 30 வைத்திருந்தால் 5 வீதம், 40 வைத்திருந்தால் 2 வீதம். வின்ரேட் இரண்டாகக் குறைந்தால் 40 பை-இன்களுக்கும் 14 வீதம் ஆகிவிடும். 50 மேசையில் உங்கள் வின்ரேட் குறையாது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அங்கே அமர்ந்திருப்பவர்கள் நீங்கள் இன்று அமர்ந்திருக்கும் மேசையை வென்று வந்தவர்கள்.

இந்தச் சூத்திரத்தில் பலர் கவனிக்காத ஓர் இடம் இருக்கிறது. மாதந்தோறும் வென்றதை எல்லாம் செலவுக்கு எடுத்துக்கொண்டால், கைமுதலின் பார்வையில் உங்கள் வின்ரேட் பூச்சியம். அப்போது அழியும் வாய்ப்பு நூறு வீதம். எப்போது என்பது மட்டுமே கேள்வி. 2017இல் எனக்கு நடந்தது இதுதான். ஒரு நல்ல பருவத்தின் முடிவில் மோட்டார் சைக்கிள் வாங்குவதற்காகத் தேவைக்கு மேல் எடுத்தேன். அடுத்த ஐந்து வாரங்களில் மிச்சம் பதினொரு பை-இன்களுக்கு வந்தது. அதன்பின் துணிந்து போட வேண்டிய இடத்திலும் கை நடுங்கிச் சீட்டை மடித்தேன், அதனாலேயே மேலும் தோற்றேன். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக் குறைத்த மலையில் மறுமாதமே கொழுந்து பார்க்க முடியாது என்பது நமக்கெல்லாம் தெரியும். ஆட்டத்தில் மட்டும் அதை மறந்துவிடுகிறோம்.

ஆகவே என் யோசனை: தளத்தில் 1,200 டொலரை மட்டும் வையுங்கள். 25 மேசைக்கு அது 48 பை-இன்கள். மீதி 3,400 டொலரை வெளியே எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு மாத முடிவிலும் 1,200க்கு மேல் நிற்பதில் பாதியை எடுங்கள், பாதியை விடுங்கள். அப்படி விட்டவை சேர்ந்து கைமுதல் 2,000 ஆனால் 50 மேசையைத் தொட்டுப் பாருங்கள். 1,400க்கு இறங்கினால் எந்த வாதமும் இல்லாமல் 25க்குத் திரும்புங்கள். நட்ட மாதத்தில் ஒன்றும் எடுக்க வேண்டாம், வெளியிலிருந்து ஒன்றும் போடவும் வேண்டாம்.

தளத்தில் உள்ள பணத்தை உங்கள் பணம் என்று எண்ணாதீர்கள் என்று சொல்வதற்கு 2011 ஏப்ரல் 15 போதும். அன்று அமெரிக்க நீதித் திணைக்களம் போக்கர்ஸ்டார்ஸ், ஃபுல் டில்ட், அப்சலூட் போக்கர் ஆகிய போக்கர் தளங்களின் மீது வழக்குத் தொடர்ந்து அவற்றின் இணைய முகவரிகளைக் கைப்பற்றியது. ஃபுல் டில்ட் ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது ஏறத்தாழ 390 மில்லியன் டொலர். அதன் வங்கிக் கணக்குகளில் இருந்ததோ 60 மில்லியன் அளவு. போக்கர்ஸ்டார்ஸ் அதை வாங்கிய பிறகே, அமெரிக்காவுக்கு வெளியே இருந்தவர்களுக்கு 2012 நவம்பரில் பணம் திரும்பியது. ஒன்றரை ஆண்டுக்கு மேல் திரையில் ஓர் எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். 4,600 டொலரையும் மூன்று ஆண்டுகளாக ஒரே இடத்தில் விட்டுவைத்திருப்பதுதான் உங்கள் பதிவில் எனக்கு மிகவும் கவலை தந்த வரி.

பதுளைக்காரன் பதிலளிக்கிறார்:

வங்கி வட்டி இன்று எதற்கும் காணாது. எங்கள் பக்கத்தில் பத்து இலட்சத்தை வட்டிக்கு விட்டால் மாதம் ஐந்து வீதம் வாங்கலாம். ஆள் பார்த்துக் கொடுத்தால் பயமில்லை. யோசித்துப் பாருங்கள்.

நுவரெலியா கணக்காளர் பதிலளிக்கிறார்:

மேலே சொல்லப்பட்ட வட்டித் தொழிலைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. மாதம் ஐந்து வீதத்துக்குக் கடன் வாங்குபவர் வேறெங்கும் கடன் கிடைக்காதவர். அவர் பெரும்பாலும் இந்தத் தம்பியின் தோட்டத்து வரிசை வீடான லயத்திலேயே, அடுத்த காம்பராவிலேயே இருப்பார். கொடுத்ததைக் கேட்கப் போகும் நாளில் யாருடைய முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதை நினைத்துக்கொண்டால், அந்த யோசனையை மேலும் பேச வேண்டியதில்லை.

நான் கணக்காளர், போக்கர் தெரியாது. எனினும் ஹட்டன் நண்பரின் கணக்கிலிருந்து எனக்கு விளங்குவது ஒன்றுண்டு: வருமானமே குலுங்குகிற ஒருவர் தம் சேமிப்பையும் குலுங்குகிற இடத்தில் வைக்கக் கூடாது. ஆட்டத்தில் நட்டப்படும் மாதமும் சந்தை விழும் மாதமும் ஒன்றாக வந்தால், வீட்டுச் செலவுக்காகப் பங்குகளை அடிமாட்டு விலைக்கு விற்க நேரும். விற்கவும் முடியாத காலம் உண்டு: 2020இல் பெருந்தொற்று வந்தபோது கொழும்பு பங்குச் சந்தை மார்ச் 20 முதல் மே 11 வரை, ஏழு வாரங்களுக்கு மேல் மூடிக் கிடந்தது. பங்குகள் கெட்டவை என்று சொல்லவில்லை. அவை உங்களுக்கு மூன்றாவது படி.

முதற்படி, வீட்டின் ஆறு மாதச் செலவு. மாதம் 60,000 ரூபா என்று வைத்தால் 360,000 ரூபா. இதை எந்த நாளிலும் எடுக்கக் கூடிய சேமிப்புக் கணக்கில் வையுங்கள். தேசிய சேமிப்பு வங்கியின் வைப்புகளுக்கு அரசாங்கத்தின் முழு உத்தரவாதம் உண்டு. ஏனைய உரிமம் பெற்ற வங்கிகளிலும் நிதிக் கம்பனிகளிலும், ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 1,100,000 ரூபா வரை வைப்புக் காப்புறுதி இருக்கிறது. கூடுதல் வட்டி சொல்லி அழைக்கும் எந்த இடமானாலும், அதன் பெயர் மத்திய வங்கியின் உரிமப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே உள்ளே செல்லுங்கள்.

இரண்டாம் படி, திறைசேரி உண்டியல்கள், அதாவது அரசாங்கம் குறுகிய காலத்துக்குக் கடன் வாங்கக் கொடுக்கும் பத்திரங்கள். அவை 91, 182, 364 நாட்களுக்கு வழங்கப்படுகின்றன. வங்கி மூலமோ, இவற்றை விற்க மத்திய வங்கி நியமித்த முதனிலை வணிகர் மூலமோ வாங்கலாம். மீதமுள்ள தொகையை மூன்றாகப் பிரித்து, மூன்று காலங்களுக்கும் ஒவ்வொரு பங்கு வாங்கினால், சில மாதங்களுக்கு ஒருமுறை ஒரு பகுதி கைக்கு வரும். வட்டி வீதம் ஏறினாலும் இறங்கினாலும் முழுத் தொகையும் ஒரே நாளில் மாட்டிக்கொள்ளாது. 2022இன் பிற்பகுதியில் இந்த உண்டியல்களின் வட்டி 30 வீதத்தையும் தாண்டியது. அதைக் கேட்டு இன்றும் சிலர் பெருமூச்சு விடுகிறார்கள். அதே ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி பணவீக்கம் 69.8 வீதமாக இருந்ததை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

எல்லாவற்றையும் டொலராகவே வைத்திருந்தால் என்ன என்று அடுத்துக் கேட்பீர்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்துக்குள் 360 ரூபாவை எட்டியது. பிறகு 300 ரூபா அளவுக்கு இறங்கியது. உங்கள் அரிசியும் பஸ் கட்டணமும் ரூபாவில். உங்கள் கைமுதல் 1,200 டொலரும் ஏற்கெனவே டொலரில் நிற்கிறது. அந்த அளவு உங்களுக்குப் போதும். தங்கத்தைப் பற்றி ஒரு வரி: அம்மாவின் நகை அடகில் இருந்தால் அதை மீட்பதே நீங்கள் செய்யக்கூடிய மிகச் சிறந்த முதலீடு, ஏனெனில் அடகு வட்டியை மிஞ்சும் வைப்பு வட்டி எங்கும் இல்லை.

பணத்தை உள்ளே கொண்டுவரும் வழியில் கவனம் வேண்டும். 3,400 டொலர் என்பது பத்து இலட்சம் ரூபாவைச் சற்றே தாண்டுகிறது. 2006ஆம் ஆண்டின் நிதிக் கொடுக்கல் வாங்கல்களை அறிக்கையிடல் சட்டத்தின் கீழ், பத்து இலட்சம் ரூபாவும் அதற்கு மேலும் உள்ள பரிமாற்றங்களை வங்கிகள் மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு அறிவிக்கின்றன. அதற்குப் பயந்து தொகையைத் துண்டு துண்டாக்காதீர்கள். அப்படித் துண்டாக்குவதே சந்தேகத்தைக் கிளப்பும், சந்தேகத்துக்குரியதை எந்தத் தொகையானாலும் அவர்கள் அறிவிப்பார்கள். சோதனைக்காக முதலில் சிறு தொகை ஒன்றை வரவழைத்துப் பார்ப்பது வேறு விடயம். பணம் எங்கிருந்து வந்தது என்று வங்கி கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். தளத்தின் கொடுப்பனவுப் பதிவுகளை அச்செடுத்து வைத்திருங்கள்.

கிரிப்டோ வழியாக எடுத்து, முகம் தெரியாதவருக்கு விற்று ரூபாவாக்கும் பழக்கம் இளைஞர்களிடம் பரவியிருக்கிறது. என்னிடம் வந்த ஒருவர் அப்படி விற்றார். அவர் கணக்குக்குப் பணம் அனுப்பியவர் அதை வேறொருவரை ஏமாற்றிப் பெற்றிருந்தார். முறைப்பாடு வந்ததும் வங்கி இவருடைய கணக்கை முடக்கியது. சம்பளமும் அதே கணக்கில்தான். நான்கு மாதங்கள் அவர் மனைவியின் சம்பளத்தில் வாழ்ந்தார். மெய்நிகர் நாணயக் கொடுக்கல் வாங்கல்களுக்கு வங்கி அட்டைகளைப் பயன்படுத்த அனுமதியில்லை என்பதை மத்திய வங்கியும் பலமுறை அறிவித்திருக்கிறது.

வரி விடயம். 2025 ஏப்ரல் முதல் தனிநபர் நிவாரணம், அதாவது வரியில்லாத வருமான எல்லை, ஆண்டுக்கு 1,800,000 ரூபா. உங்கள் சம்பளம் ஆண்டுக்கு 576,000, ஆட்டத்தின் சராசரி 720,000; கூட்டினால் 1,296,000. எண்ணளவில் எல்லைக்குள்ளேயே இருக்கிறீர்கள். ஆனால் பந்தயமும் சூதும் தொழிலாகக் கொள்ளப்படும்போது அதற்குச் சாதாரண வீதத்தைவிட உயர்ந்த வரி வீதம் உண்டு. முழுநேரமாக ஆடத் தொடங்கினால் அந்தக் கேள்வி உங்கள் கதவைத் தட்டும். வைப்பு வட்டியில் 10 வீதம் நிறுத்திவைப்பு வரியாகக் கழிக்கப்படுகிறது. ஆண்டு வருமானம் நிவாரண எல்லைக்குள் இருப்பவர் வரி இலக்கம் பெற்று, வங்கியில் சுயபிரகடனம் கொடுத்தால் அதைத் தவிர்க்கலாம். சட்டத்தைப் பொறுத்தவரை, நம்முடைய பழைய சூதாட்டக் கட்டளைச் சட்டம் 1889ஆம் ஆண்டுக்குரியது; அதற்குப் பதிலாக 2025இல் புதிய சட்டம் ஒன்று நிறைவேறியது. இணையப் போக்கர் இவற்றில் எங்கே நிற்கிறது என்று விடை தேடுவது என் தொழில் அன்று. ஒரு சட்டத்தரணியிடம் ஒருமுறை நேரில் கேட்டுவிடுங்கள்.

தலவாக்கலைப் பையன்:

ஹட்டன் அண்ணாவுக்கும் கணக்காளர் ஐயாவுக்கும் மிக்க நன்றி. வேலையை விடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். வீட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லை. லயத்துக்குப் பக்கத்தில் ஏழு பேர்ச் அளவில் ஓர் இடம் காட்டப்பட்டு, அதில் அப்பா இருந்த காலத்தில் சுவர் மட்டம் வரை எழுப்பினோம். கூரைக்கு ஐந்து இலட்சம் போதும் என்கிறார் மேசன் பாஸ். திறைசேரி உண்டியலில் கிடப்பதைவிட மழையைத் தடுத்தால் நல்லதல்லவா என்று தோன்றுகிறது.

பண்டாரவளை ஆசிரியை பதிலளிக்கிறார்:

தம்பி, கூரை போடுமுன் ஒரு கேள்வி: அந்த ஏழு பேர்ச்சுக்கு உங்கள் கையில் காணி உறுதிப் பத்திரம் இருக்கிறதா? ‘காட்டப்பட்டது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல் எனக்கு நன்றாகத் தெரியும். தோட்ட நிலம் அரசுடையது. 1992இல் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளின் கைக்கு வந்த பிறகும் நிலம் குத்தகையில்தான் இருக்கிறது. தோட்டத் துரை விரலால் காட்டிய இடம் சட்டத்தில் உங்கள் இடம் ஆகாது. எங்கள் பெரியப்பா முப்பது ஆண்டுச் சேமிப்பில் அப்படி ஒரு வீடு கட்டினார். மகளின் திருமணத்துக்காக அதை வைத்துக் கடன் கேட்டபோது, உறுதியில்லாத வீட்டுக்கு எந்த வங்கியும் ஒரு சதம் தரவில்லை. அவர் அந்த வீட்டில் நிம்மதியாகத்தான் வாழ்ந்தார், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதை முதலீடு என்று கூப்பிட முடியாது. மழை ஒழுகாமல் இருக்கத் தேவையான அளவுக்குத் தகரம் போடுங்கள். உறுதி கைக்கு வரும் வரை கொங்கிறீட்டில் பணத்தைப் புதைக்காதீர்கள். மேலே மலையும் கீழே சரிவும் என்றால், தேசிய கட்டட ஆராய்ச்சி நிலையத்திடம் மண்சரிவு அபாயம் பற்றிக் கேட்காமல் ஒரு கல்லும் வைக்க வேண்டாம். 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் லயங்களோடு மண் எடுத்துக்கொண்டு போனவர்களில் என் மாணவர்களின் உறவினரும் இருந்தனர்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். நீங்கள் எட்டு முதல் பதினொரு மணி வரை ஆடுவதாக எழுதியிருக்கிறீர்கள். மே மாதத்து 210 டொலர் எந்த நேரத்தில் போனது?

நான் போக்கர் ஆடுபவள் அல்ல. ஆடிய ஒருவனின் அக்கா. அவனும் கெட்டிக்காரன், அவனும் குறிப்பேடு வைத்திருந்தான், அவனும் வென்றதை நிலையான வைப்பில் போட்டான். ஒரு வாரம் தொடர்ந்து தோற்ற பிறகு, வட்டி போனாலும் பரவாயில்லை என்று வைப்பைக் காலத்துக்கு முன்பே முறித்து, இரண்டு இரவுகளில் முடித்துவிட்டான். வட்டி வீதம் எட்டா ஒன்பதா என்பதைவிட, நள்ளிரவில் கைத்தொலைபேசியிலிருந்து அந்தப் பணத்தைத் தொட முடியுமா என்பதே எனக்கு முக்கியம். அம்மாவின் பெயரையும் சேர்த்துக் கூட்டுக் கணக்கு ஒன்றைத் திறவுங்கள். எடுப்பதற்கு இருவரும் கையொப்பமிட வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். இணைய வசதி கேட்காதீர்கள். அந்தப் பணம் தேவையென்றால் இருவரும் பஸ் ஏறிப் போய் வரிசையில் நிற்கட்டும். அதற்கு அம்மாவுக்கு விடயம் தெரிந்திருக்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஹட்டன் கணக்கன்:

டீச்சர் கேட்ட கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டும். என் சூத்திரத்தில் உள்ள வின்ரேட், எட்டு மணிக்கு ஆடுபவரின் வின்ரேட். இரவு இரண்டு மணிக்கு ஆடுபவருக்கு அது மறைக் குறியோடு தொடங்கும்.

தலவாக்கலைப் பையன்:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

ஆசிரியை கேட்ட பிறகு கைகளின் வரலாற்றைத் திறந்து நேரவாரியாகப் பிரித்துப் பார்த்தேன். மே மாத நட்டமான 210 டொலரில் 145 டொலர், நள்ளிரவுக்குப் பின் ஆடிய மூன்று இரவுகளில் போயிருக்கிறது. அதில் பெரும்பகுதி 50 மேசையில். அந்த மேசையில் நான் ஆடியதே இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். முதற்பதிவில் உங்களிடமும் மறைத்துவிட்டேன்.

200 டொலரை முதலில் எடுத்துப் பார்த்தேன். ஆறாவது நாள் வங்கிக்கு வந்தது. பிறகு 3,200 டொலர் எடுத்தேன். வங்கி அலுவலர் என்ன பணம் என்று கேட்டார். அச்செடுத்த தாள்களைக் காட்டினேன், ஒரு பிரதி எடுத்துக்கொண்டு ஒரு படிவத்தில் எழுதச் சொன்னார். நான் பயந்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. அடகிலிருந்த அம்மாவின் சங்கிலியை மீட்டதற்கு 140,000 ரூபா வட்டியோடு போனது. கூரைக்குத் தகரம் 95,000. ஓட்டோ முற்பணத்தைத் தம்பியே வேண்டாம் என்றான். லீசிங் தவணை கட்ட முடியாமல் வண்டியைப் பறிகொடுத்த இருவரை அவனுக்குத் தெரியும். மீதியைக் கூட்டுக் கணக்கில் போட்டிருக்கிறோம்; அதில் ஒரு பகுதியை அடுத்த வாரம் 91 நாள் உண்டியலுக்கு மாற்றுவோம்.

கையொப்பத்துக்காக அம்மாவை நகருக்குக் கூட்டிச் சென்ற நாளில் பஸ்ஸில் வைத்துத்தான் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு மேசையில் நான் இருத்தும் பணம் 25 டொலர் என்றதும் ரூபாவில் கேட்டார். 7,500 என்றேன். தம் நாட்சம்பளத்துக்கு அது எத்தனை நாள் என்று அவர் விரலில் எண்ணிக்கொண்டிருப்பது தெரிந்தது. நெடுநேரம் பேசாமல் வந்தவர், செயின்ட் கிளேயர் திருப்பம் தாண்டியதும், கொழுந்து குறைந்தால் அரைநாள் சம்பளம் மட்டும் பதிவதுபோல் அந்த வேலையிலும் அரைப்பேர் போடுவார்களா என்று கேட்டார். அரைப்பேர் மட்டுமில்லை அம்மா, சில நாள் நேற்று நிறுத்த கொழுந்தையும் திருப்பி வாங்கிக்கொள்வார்கள் என்றேன். ‘அப்படியென்றால் பதினொரு மணிக்கு நான் வந்து விளக்கை அணைப்பேன்’ என்றார்.

கடந்த பத்து நாட்களாக அணைக்கிறார். தளத்தில் இப்போது 1,165 டொலர் நிற்கிறது. கணக்காளர் ஐயா, கூட்டுக் கணக்கு என்பதால் சுயபிரகடனத்தை இருவரும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டுமா என்று மட்டும் சொல்லுங்கள். அம்மாவுக்கு இன்னும் வரி இலக்கம் எடுக்கவில்லை.